இரட்சிக்கப்பட்ட பிறகு என்ன? புதிய கிறிஸ்தவ வாழ்வின் முதல் ஆண்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் சபைக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. கடற்றொழிலாளர், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், ஆசிரியைகள், வெளிநாட்டில் வேலைசெய்து திரும்பிய பெண்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். தடுக்கி விழும் இடம் மட்டும் அநேகமாக ஒன்றுதான். செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள், ஒழுங்கை மாற்றிச் செய்கிறார்கள். முதல் கிழமையே சாமிப் படத்தில் கை வைக்கிறார்கள். அடுத்த கிழமை சந்தியில் நின்று சாட்சி சொல்கிறார்கள். கடைக் கடன் அப்படியே கிடக்கிறது. ஊர் எதைக் கவனிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கீழே இருப்பது நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு. இதையெல்லாம் செய்து இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது. எபேசியர் 2:8-10ஐ வாசியுங்கள்: கிருபை முந்தி வருகிறது, நற்கிரியை அதன் பின்னால் வருகிறது. கிருபை பெற்றவர் அடுத்த காலை எங்கே வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு வேதாகமம். உங்கள் சபையில் எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்களோ அதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆராதனையில் தடுமாறுவீர்கள். போனில் வாசிக்கலாம்தான். ஆனால் இரண்டாம் வசனத்தில் வட்ஸ்அப் கூப்பிடும்.

ஒரு கொப்பி. முன்பக்கத்திலிருந்து வாசிப்புக் குறிப்பு, பின்பக்கத்திலிருந்து கடன் கணக்கு. இரண்டும் ஒரே கொப்பியில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பிரித்து வைத்தால் கணக்குக் கொப்பி சீக்கிரம் தொலைந்துபோகும்.

ஒரு ஆள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். விசுவாசத்தில் மூத்தவராக, வாய் காக்கிறவராக இருக்க வேண்டும். கிழமையில் ஒரு நாள் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசினால் போதும். போதகராக இருக்கத் தேவையில்லை, அவருக்கு நேரமும் இருக்காது.

நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய ஒரு சபை. நிலாவெளியில் இருந்துகொண்டு சீனன்குடாப் பக்கம் சபை பிடித்தால் முதல் இரண்டு மாதம் ஆர்வத்தில் ஓடும். மழை தொடங்கியதும் நின்றுவிடும்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

இதை ஏன் முதலாவதாக வைக்கிறேன் என்றால், இதில் பிழைத்தால் உயிர் போகும்.

தினமும் நிறையக் குடித்துவந்த ஒருவர் ஜெபக் கூட்டத்தில் அழுது, அன்றிரவே சாராயத்தை விட்டுவிடுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆனால் கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் கடும் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, புத்தி தடுமாறுவது என்று போகலாம். இது உடம்பு மதுவுக்குப் பழகியதன் விளைவு, மருந்து இருக்கிறது. இதைப் பிசாசு என்று நினைத்து ஆளைப் பிடித்து வைத்து இரவிரவாக ஜெபிப்பது ஆபத்து. குடியை விடும் முடிவை எடுத்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், எவ்வளவு காலமாக, எவ்வளவு குடித்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஜெபிக்கிறவர்கள் வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் ஜெபிக்கலாம்.

பிரஷர் குளிசை, சீனி வருத்தத்துக்கான மருந்து, வலிப்புக்கும் மனநோய்க்கும் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதே விதி. சுகம் கிடைத்தது என்று நம்பினால் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதியுங்கள். குறைப்பதா நிறுத்துவதா என்று டொக்டர் சொல்லட்டும். இன்சுலின் போடுகிறவர் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

2. வாசிக்க ஒரு நேரம் பிடியுங்கள்

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. முடிந்ததும் இன்னொரு தரம் முதலிலிருந்து. இயேசு என்ன செய்தார், யாரிடம் எப்படிப் பேசினார் என்று தெரியாமல் அவரைப் பின்பற்ற முடியாது. அப்புறம் எபேசியர், கொலோசெயர், அதன்பின் ரோமர் 12 முதல் 15 வரை.

ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குகிறவர்கள் நிற்பதில்லை, அதுதான் பிரச்சினை. இரண்டு மாதத்தில் எல்லோருடைய நெற்றியிலும் 666ஐத் தேடிக்கொண்டு திரிவார்கள்.

ஒவ்வொரு நாளும் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: இன்று நான் செய்ய வேண்டியது என்ன? அந்த வரி அன்று பொழுதுபடுமுன் செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘அன்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அது வேலைக்கு ஆகாது. ‘பின்னேரம் அக்காவுக்குக் கோல் எடுக்க வேண்டும்’ என்பது சரியான வரி. வசனத்தைக் கேட்கிறவராக மட்டும் இராமல் அதன்படி செய்கிறவராகவும் இருக்கும்படி யாக்கோபு 1:22 சொல்வது இதைத்தான்.

நேரம் பற்றி ஒன்று. அதிகாலை 4 மணிக்கு எழும்பி ஜெபிக்கிறவரே நல்ல விசுவாசி என்ற எண்ணம் எங்கள் சபைகளில் உண்டு. இரவுத் தொழிலுக்குப் போகிறவர் அந்த நேரம் கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பார். விடிந்து கரைக்கு வந்து, மீனை விற்று, சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழும்புவார். அவருக்குப் பின்னேரம் 3 மணி நல்ல நேரம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் தாய்க்கு வீடு அடங்கும் 8 மணி. எது நிலைக்குமோ அதைப் பிடியுங்கள்.

3. ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் ஒன்றை அணியுங்கள்

புதியவர்கள் அதிகம் தோற்கும் படி இது. எபேசியர் 4:22-24இல் பவுல் பழைய மனுஷனைக் களைந்துபோடவும், உள்ளத்திலே புதிதாகவும், புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளவும் சொல்கிறார். பிறகு உடனே உதாரணங்களுக்குப் போகிறார், எல்லாம் சோடி சோடியாக. பொய்யை விடு, மெய் பேசு. திருட்டை விடு, கையால் உழைத்து இல்லாதவனுக்குக் கொடு. கெட்ட பேச்சை விடு, கேட்கிறவனுக்குப் பயன்படும் பேச்சைப் பேசு. கசப்பையும் கோபத்தையும் விடு, தயவாய் இரு, மன்னி.

எங்கள் ஆட்கள் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். குடிப்பதில்லை, படம் பார்ப்பதில்லை, சீட்டாடுவதில்லை, நகை போடுவதில்லை. இல்லை இல்லை என்று ஒரு பெரிய பட்டியல். லூக்கா 11:24-26இல் பெருக்கி அலங்கரித்த வீட்டுக்கு அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறதே, அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி பின்னேரம் 6 மணிக்குக் கூட்டாளிகளோடு தவறணைக்குப் போகிறவர். விட்ட பிறகு அதே 6 மணிக்கு வீட்டுக்கு வந்து, செய்ய வேலையில்லாமல், ரீவியின் சத்தத்துக்கும் மனைவியின் தேநீருக்கும் குறை சொல்லத் தொடங்கினார். ‘முந்தி ராவில மட்டும்தான் சண்டை, இப்ப பின்னேரமும்’ என்றார் மனைவி. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வேலை கொடுத்தோம். மகளை டியூஷனுக்கு ஏற்றிப்போய், முடியும்வரை வெளியே காத்திருந்து கூட்டிவருவது. காத்திருக்கும் நேரத்தில் அன்றைய அதிகாரத்தை வாசித்தார். கொஞ்ச நாளில் மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் பக்கத்தில் வந்து நின்று பேசத் தொடங்கினார்கள்.

ஆகவே எதை விடுகிறீர்களோ அதன் நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். அந்த நேரத்தில் யாருக்காவது பயன்படும் ஒன்றை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. எதில் தொடங்குவது என்றால், வீட்டில் இன்னொருவரை நோகடிக்கிற பழக்கத்தில் தொடங்குங்கள். உங்களுக்கு வெட்கம் தருகிற பாவத்தைவிட அவர்களுக்கு நோவு தருகிற பாவம் அவசரம்.

4. கணக்கைத் தீருங்கள்

வரி வசூலித்த சகேயுவின் கதை தெரியும்தானே. இயேசு வீட்டுக்குள் வந்ததும் அவன் பாட்டுப் பாடவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை திருப்பி, என்று கணக்குச் சொன்னான். பறித்ததைத் திருப்பும்போது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்று லேவியராகமம் 6:5 கேட்கிறது. அவன் அதற்கும் மேலே போனான்.

கொப்பியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: கடைக் கடன், சீட்டுப் பாக்கி, முதலாளியிடம் வாங்கிய முற்பணம், அடகு நகை, கிழமைக் கடன், மச்சானிடம் வாங்கி மறந்ததுபோல் இருக்கிற காசு. கள்ளமாக இழுத்த கரண்டையும் எழுத வேண்டும்.

எதை முதலில் கொடுப்பது? தவணைக் கடன்களில் அந்தந்த மாதத் தவணையைத் தவறவிடாதீர்கள், வட்டி ஏறும். அதற்கு மேல் மிஞ்சுவதை, கடன் தந்தவர்களில் மிக வறியவருக்கு முதலில் கொடுங்கள். புருஷனை இழந்து இடியப்பம் அவித்து விற்கிற அக்காவின் 3,000 ரூபாய், கடை முதலாளியின் 15,000 ரூபாய்க்கு முந்த வேண்டும். பெரிய தொகையை முதலில் தொட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் குறைந்ததுபோல் தெரியாது, மனம் விட்டுப்போகும்.

போகும்போது தொகையைச் சொல்லுங்கள், நாளைச் சொல்லுங்கள், வாசலில் நின்று சாட்சி சொல்லாதீர்கள். ஒரு பெரியவரோடு கடைக்குப் போயிருந்தேன். அவர் 500 ரூபாயை மேசையில் வைத்து, ‘ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைத் தருவன், முதலாளி’ என்றார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடன் கொப்பியை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, 500ஐக் கழித்து எழுதி, பேனையைக் காதில் செருகினார். நாலைந்து சனிக்கிழமை போன பிறகு அவரே கேட்டார், ‘என்ன, எங்க போறீர் இப்ப ஞாயிற்றுக்கிழமையில?’

கடற்றொழில் செய்கிறவர்கள் வாடைக் காலத்தை மறந்து வாக்குக் கொடுக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் வருமானம் இல்லை. அந்த மாதங்களுக்குக் குறைந்த தொகையைச் சொல்லுங்கள். ‘கர்த்தர் தருவார்’ என்று சொல்லித் திகதி குறிப்பது அவர் பெயரில் வெறும் காசோலை எழுதுவது.

டைனமைற்றும் தடைசெய்த வலையும் பாவிக்கிற படகில் போகிறவருக்கு இது இன்னும் கடினம். நாளைக்கே விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, விடாதே என்றும் வராது. வேறு படகு தேடத் தொடங்குங்கள், அந்தத் தேடலில் சபையார் கூட வர வேண்டும்.

தசமபாகமா கடனா முதலில் என்று கேட்பார்கள். சபைக்குச் சபை பதில் வேறு. என் அபிப்பிராயம்: இன்னொருவருடைய காசைக் காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது. கடன் தீரும்வரை சிறிதாகக் கொடுங்கள், மனதோடு கொடுங்கள்.

5. மன்னிப்புக் கேளுங்கள்

மத்தேயு 5:23-24இன்படி காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். கேட்கும்போது செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘காணிப் பிரச்சினையில் உங்களைப் பற்றிப் பொய் சொன்னேன்.’ ‘ஏதும் பிழை செய்திருந்தால் மன்னியுங்கோ’ என்பது மன்னிப்பில் சேராது. ‘நீங்களும்தான்’ என்ற சொல் வந்தால் அதோடு முடிந்தது.

இரண்டு எச்சரிக்கை. இன்னொருவரின் குடும்பத்தை உடைக்கக்கூடிய பழைய இரகசியங்களை, உங்கள் ஆளோடு பேசாமல் போய்க் கொட்டாதீர்கள். அடி வாங்கிய பெண், மன்னித்தேன் என்பதற்காக அடிக்கிற ஆளிடம் திரும்பிப் போக வேண்டியதில்லை. மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குள் போய் மாட்டுவது வேறு.

6. வீட்டையும் சாமிப் படங்களையும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள்

முதலில் கேட்க வேண்டியது: யாருடைய வீடு? தாய் தகப்பன் வீட்டில் சாமியறை அவர்களுடையது. நீங்கள் கும்பிடாமல் விடலாம், படத்தில் கை வைக்க உரிமை இல்லை. உங்கள் சொந்த வீடு என்றாலும் துணையின் சம்மதம் வேண்டும். விசுவாசியாத துணை கூட வாழச் சம்மதித்தால் தள்ளிவிட வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 7:12-13 சொல்கிறது. அப்படி வாழ்வதில் இதுவும் அடங்கும். இருவரும் இணங்கிப் படத்தை எடுத்தால், உடைக்காமல், கடலில் வீசாமல், கும்பிடுகிற உறவினர் ஒருவரிடம் மரியாதையாகக் கொடுங்கள்.

கோயிலுக்குத் தாயைக் கூட்டிப்போவதா? எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. 2 இராஜாக்கள் 5:18-19ஐ வாசியுங்கள். எஜமான் தன் கையில் சாய்ந்துகொண்டு போகும்போது தானும் ரிம்மோன் கோயிலுக்குள் போக வேண்டிவரும் என்கிறான் சீரியப் படைத்தலைவன் நாகமான். தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்கிறான். எனக்குத் தெரிந்த ஒருவர் தாயிடம் இப்படிச் சொன்னார்: ‘அம்மா, வெள்ளிக்கிழமையில நான் கொண்டுபோய் விடுறன். உள்ளுக்கு மட்டும் வரமாட்டன், கோவிக்காதேங்கோ.’ பிரட்றிக் கோட்டை வாசலால் போய், மான்கள் மேயும் மரநிழலைத் தாண்டி, கோணேசர் மலை ஏற்றத்தில் தாயின் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். மேலே தாயின் செருப்பைக் காவலிருந்து, திரும்பக் கூட்டிவருவார். முதல் மாதம் தாய் பேசவில்லை. பிறகு, பக்கத்து வீட்டு அக்காவிடம், ‘அவன் முந்தி ஒருநாளும் என்னைக் கூட்டிப் போனவனே?’ என்றாராம்.

இந்த ஏற்பாடு உங்கள் மனச்சாட்சிக்கு ஒத்துவராவிட்டால் செய்யாதீர்கள். ரோமர் 14 அதற்கும் இடம் தருகிறது. ஒத்துவருகிறவரைக் குற்றம் சொல்லாமல் இருந்தால் சரி.

7. செத்த வீடு, திருவிழா

முன்கூட்டியே முடிவெடுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். தகப்பன் இறந்து கிடக்கும்போது மூத்த மகன் ‘நான் கொள்ளி வைக்கமாட்டேன்’ என்று சொன்னால் அது விசுவாச அறிக்கையாக யாருக்கும் கேட்காது. ஒரு சாதாரண நாளில் சகோதரர்களோடு இருந்து பேச வேண்டிய விஷயம் அது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் சபைகள் வேறுபடும், உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

செய்யாததைச் சொல்லும்போது செய்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடை சுமப்பது, பந்தல் போடுவது, இரவு விழித்திருப்பது, எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் வரும் ஆட்களின் சாப்பாட்டுச் செலவில் பங்கு எடுப்பது. சடங்கில் கை வைக்காதவர் வேலையில் இரண்டு மடங்கு கை வைக்க வேண்டும்.

8. சபையில் வேர்விடுங்கள்

அப்போஸ்தலர் 2:42இல் நாலு காரியம் இருக்கிறது: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். நாலும் உள்ள ஒரு சபையில் குறைந்தது ஒரு வருடம் இருங்கள். காலையில் ஓரிடம், பின்னேரம் வேறிடம், வெள்ளி உபவாசத்துக்கு இன்னோரிடம் என்று திரிந்தால் உங்களை யாருக்கும் தெரியாது, கண்டிக்கவும் ஆள் இருக்காது.

ஞானஸ்நானத்துக்காகப் பெயர் மாற்ற வேண்டியதில்லை, அடையாள அட்டையைத் தொடவும் வேண்டாம். மதத்தைத் தெரிவுசெய்யும் உரிமையை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது, அதற்குக் கடிதம் கேட்டு அலையத் தேவையில்லை.

நிவாரணப் பொருள் விஷயத்தில் கவனம். 2004 சுனாமிக்குப் பிறகு உதவிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு இந்தக் கரையில் இன்னும் போகவில்லை. தேவை இருந்தால் வாங்குங்கள், பசியோடு இருக்க வேண்டாம். ஆனால் வீட்டாருக்குத் தெரிய வாங்குங்கள், சபையில் ஏதாவது வேலையும் செய்யுங்கள்.

9. இப்போது சாட்சி சொல்லலாம்

மாற்கு 5:19இல் பிசாசு நீங்கினவன் கூட வரக் கேட்கிறான். இயேசு அவனை வீட்டுக்கு, தன் இனத்தாரிடம் அனுப்புகிறார். அங்கேதான் தொடங்க வேண்டும், அதுவும் கேட்கும்போது. 1 பேதுரு 3:15இல் வருவதும் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுவது.

சின்னதாகச் சொல்லுங்கள்: முன்பு எப்படி, என்ன நடந்தது, இப்போது எப்படி. பழைய மதத்தைப் பழிக்காதீர்கள். சிவனைக் கும்பிடுகிற அயலவரும் தொழுகைக்குப் போகிற அயலவரும் தங்கள் தாயைப் பழித்ததுபோல் நோவார்கள். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைக்கவே வேண்டாம். மேடையில் சொல்லும்போது பழைய பாவத்தைச் சுவைபடக் கூட்டிச் சொல்லும் ஆசை வரும். உங்கள் மனைவி முன் வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

10. விழுந்தால்

விழுவீர்கள். அன்றே உங்கள் ஆளுக்குக் கோல் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருந்தால் அந்த ஞாயிறு சபைக்குப் போகமாட்டீர்கள், அடுத்த ஞாயிறும் போகமாட்டீர்கள். 1 யோவான் 1:9ஐ வாசித்து, நடந்ததைத் தேவனிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். பிறகு விழுந்ததற்கு முந்தின ஒரு மணித்தியாலத்தைக் கொப்பியில் எழுதுங்கள்: எங்கே இருந்தேன், யாரோடு, சாப்பிட்டேனா, யாரிடம் ஏச்சு வாங்கினேன். அடுத்த தடவை காவல் போட வேண்டிய இடம் அங்கேதான் தெரியும்.

மறுதலித்த பேதுருவைப் பெயர் சொல்லி அழைத்துச் செய்தி அனுப்பியது மாற்கு 16:7இல் இருக்கிறது. இரண்டாம் தரம் மாற்குவை வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

11. வருட முடிவில்

மாறிவிட்டேனா என்று உங்களையே கேட்காதீர்கள். நாம் நமக்குத் தருகிற புள்ளி ஒன்றில் கூடும், அல்லது குறையும். கலாத்தியர் 5:22-23இல் உள்ள ஆவியின் கனி ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி, கூட இருக்கிறவரிடம் கொடுங்கள். மனைவி, தாய், தம்பி, யாரானாலும் சரி, அவர் விசுவாசியாக இருக்கத் தேவையில்லை. ‘இதில எது என்னட்டக் கொஞ்சமாவது தெரியுது, எது தெரியேல்ல?’ என்று கேளுங்கள். சொல்லி முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். தெரியவில்லை என்று சொன்னவற்றில் ஒன்றைக் கொப்பியில் எழுதி, அதோடு 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.